லித்தியம் கிடைச்சிருச்சாம், சரி, கல்லுல எவ்வளவு இருக்குதாம்?

2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் இருக்கிறது என்று செய்தி வந்தபோது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் பக்கம் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்திருந்தால், அது கிடைத்த சாலால் கிராமம் ஜெகதேவிக்கும் மத்தூருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள். அவ்வளவு பேச்சு. டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், எல்லாவற்றுக்கும் மேலாக வாட்ஸ்அப்பில். ரியாசி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. வைஷ்ணோ தேவி கோயிலுக்குப் போய்வந்தவர்கள் மட்டும், "அட, கட்ரா அந்த மாவட்டம்தான்ப்பா, நாங்க போயிருக்கோம்" என்று ஒரு உரிமையோடு சொன்னார்கள்.

எங்கள் ஊருக்கு இந்த ஆர்வம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், இந்தப் பக்கம் போச்சம்பள்ளியில் ஓலா. வீட்டுக்கு ஒருத்தர் இல்லையென்றாலும் தெருவுக்கு நாலு பேர் மின்சார வண்டி சம்பந்தப்பட்ட வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களின் கூட்டம் பத்து வருடத்துக்கு முன்னால் இந்தச் சாலையில் கிடையாது. அதே பிப்ரவரியில்தான் பேட்டரி செல் ஆலைக்கும் சேர்த்துத் தமிழக அரசோடு ஓலா ஒப்பந்தம் போட்டது. வண்டி இங்கே, பேட்டரி இங்கே, அதற்கு வேண்டிய லித்தியமும் இனி நம்ம நாட்டிலேயே என்றால் மனசு கணக்குப் போடாமல் இருக்குமா? போட்டது. ரொம்ப வேகமாகவே போட்டது.

முதலில் வந்தது பெருமை. உலகத்தில் லித்தியம் அதிகம் உள்ள நாடுகள் என்று ஒரு பட்டியல், சிலி 93 லட்சம், ஆஸ்திரேலியா 62 லட்சம், அடுத்து நேராக இந்தியா 59 லட்சம், பின்னணியில் தேசியக் கொடி. காலையில் ஒரு குழுவில் வந்தது, மதியத்துக்குள் நான் இருக்கிற எல்லாக் குழுவிலும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டு பழமையானது என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோதும் இதே ஆட்கள்தான் மீசையை முறுக்கினார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை, நானும்தான் முறுக்கினேன். ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

பெருமைக்குப் பின்னாலேயே சந்தேகம் வந்தது. "எல்லாம் அவருக்குத்தான் போகப்போவுது பாரு" என்று ஒரு பெரிய தொழிலதிபரின் பெயரைச் சொல்லி ஒரு கோஷ்டி. இரண்டு நாளில் குழுவுக்குள் சண்டை, ஒருத்தர் வெளியேறினார், அவரை மறுபடி சேர்க்க அட்மின் கெஞ்ச வேண்டியதாயிற்று. இன்னொரு கோஷ்டி நிலத்தரகு. காஷ்மீரில் லித்தியம் கிடைத்ததைக் காரணம் காட்டி மத்தூர் ரோட்டில் செண்டு இவ்வளவு ஏறும் என்று விளம்பரம் போட்ட ஆளை நான் பார்த்தேன், அந்தத் தைரியத்துக்கு ஒரு கும்பிடு. படித்த பிள்ளைகள் சிலர் மட்டும் அங்கே இருக்கிற ஜனங்களுக்கு என்ன ஆகும், செனாப் நதி பக்கம், நிலநடுக்கம் வருகிற மலை, சுரங்கம் தோண்டினால் தாங்குமா என்று கேட்டார்கள். அவர்களுக்கு "தேசத்துரோகி" என்ற பட்டம் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

ரியாசியிலும் முதலில் சந்தோஷம்தான். ஊர்க்காரர்கள் கையில் கல்லை எடுத்துக் காட்டியபடி நிற்கிற படங்கள் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. காலங்காலமாகக் காலில் இடறிய கல், ஒரே நாளில் கேமரா முன்னால் நிற்கிறது. பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். எங்களை எங்கே அனுப்புவார்கள் என்ற கேள்வியும் மெல்ல வந்தது.

இத்தனை பேர் பேசினதில் எனக்கு உருப்படியாகப் பட்டது என் சித்தப்பா கேட்ட கேள்விதான். அவர் கிரானைட் குவாரியில் மேஸ்திரியாக இருந்தவர், இப்போது ஓய்வு, மாந்தோப்பும் மாடும். லித்தியம் என்றால் என்ன என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. போனில் செய்தியைக் காட்டினதும், "அது சரி, கல்லுல எவ்வளவு இருக்குதாம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. 59 லட்சம் டன் இருக்குது சித்தப்பா என்றேன். "டேய், அது கல்லோட கணக்கா, உள்ள இருக்குற சாமானோட கணக்கா? ரெண்டும் வேற வேற. ஒரு குன்னையே அறுத்தாலும் ஏத்துமதிக்குப் போற பிளாக்கு எத்தினி தேறும்னு தெரியுமா உனக்கு?"

குவாரி பார்த்தவர்களுக்கு இது பால பாடம். எங்கள் பக்கத்துக் கல் வெளிநாடு வரைக்கும் பேர் போனது, பாரடைசோ என்று வியாபாரத்தில் சொல்கிற அந்த வரி ஓடுகிற கல், தர்மபுரிக் கருப்பு. ஆனால் நல்ல குவாரியிலும் வெட்டி எடுத்ததில் பாதிக்கு மேல் விலைக்கு ஆகாது. விரிசல் இருக்கும், நிறம் மாறும், வெள்ளை நரம்பு ஓடும், அளவு தேறாது. அதெல்லாம் வேஸ்ட். ஜெகதேவி பக்கம் போனால் சாலையோரத்தில் மலை மாதிரி குவிந்து கிடப்பது அந்த வேஸ்ட்தான், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை நிஜ மலை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சரி, சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் தேடுவோம் என்று படிக்க ஆரம்பித்தேன். பதில் மறைத்து வைத்திருந்த ஒன்றும் அல்ல. அரசு சொன்னது 59 லட்சம் டன் தாது. லித்தியம் கலந்திருக்கிற மண்ணும் கல்லும் சேர்ந்த கணக்கு. சிலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சொல்கிற எண்களோ உள்ளே இருக்கிற லித்தியத்தின் கணக்கு, அதுவும் இன்றைக்கு எடுத்தால் கட்டுப்படியாகும் என்று உறுதி செய்த அளவு. மண்ணை ஒரு பக்கமும் உலோகத்தை மறு பக்கமும் வைத்து மூன்றாம் இடம் என்று கைதட்டியிருக்கிறோம்.

அந்த ஊர் அதிகாரி ஒருவர், இங்கே தரம் நன்றாக இருக்கிறது, 500 பிபிஎம்முக்கு மேல், வழக்கமாக 220தான் இருக்கும் என்று அப்போது சொல்லியிருந்தார். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 500 பிபிஎம் என்றால் ஒரு டன் கல்லில் அரைக் கிலோ லித்தியம். 59 லட்சம் டன்னுக்குப் பெருக்கிப் பாருங்கள், 2,950 டன் வருகிறது. 59 லட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே! ஆஸ்திரேலியாவில் கிரீன்புஷஸ் என்ற இடத்தில் பாறையை உடைத்து லித்தியம் எடுக்கிறார்களே, அங்கே டன்னுக்குக் கிடைப்பது இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

இதைச் சொன்னதும், அப்போ எல்லாம் புருடாவா என்று எதிர்ப்பக்கம் பாய்ந்தவர்களும் உண்டு. அதுவும் நியாயமில்லை. பேட்டரியில் ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கச் சுமார் 100 கிராம் லித்தியம் போதும். நம் ஆட்கள் ஓட்டுகிற ஸ்கூட்டரில் மூன்று யூனிட் பேட்டரி என்று வைத்தால் 300 கிராம். 2,950 டன்னை அதால் வகுத்தால் ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவான ஸ்கூட்டர். எடுக்கும்போது பாதி சேதாரமானாலும் ஐம்பது லட்சம் வண்டி. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை. உலகத்தை ஆளுகிற எண்ணிக்கையும் இல்லை. நடுவில் எங்கேயோ நிற்கிற ஒன்றை நம் ஆட்களுக்கு ஏனோ பிடிப்பதில்லை.

ஆனால் எடுக்க முடியுமா என்பது தனிக் கதை. உலகத்தில் லித்தியம் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ஆஸ்திரேலியா மாதிரி கெட்டிப் பாறையை உடைப்பது. இன்னொன்று சிலி, அர்ஜென்டினா பக்கம் உப்புப் பாலைவனத்துக்கு அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரை இறைத்து, பாத்தி கட்டி, மாதக்கணக்கில் வெயிலில் காயவிடுவது. நம் வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ரியாசியில் இருப்பது இரண்டும் இல்லை. பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவோடும் களிமண்ணோடும் கலந்து கிடக்கிறது. களிமண்ணிலிருந்து லித்தியம் பிரிக்கிற தொழில் உலகத்தில் இன்னும் பெரிய அளவில் காலூன்றவில்லை, அமெரிக்காவின் நெவாடாவில் தாக்கர் பாஸ் என்ற இடத்தில் அதற்காகத்தான் பெரிய ஆலை கட்டுகிறார்கள்.

இன்னொன்று, ஆய்வுக்குப் படிகள் உண்டு. ஜி4 என்பது மேலோட்டமாகச் சுற்றிப் பார்ப்பது. அடுத்து ஜி3, ஜி2, கடைசியில் நெருக்கமாகத் துளை போட்டு அளந்து உறுதி செய்கிற ஜி1. ரியாசியில் முடிந்திருந்தது ஜி3. சித்தப்பா பாஷையில் சொன்னால், மேல் மண்ணை எடுத்து நாலு இடத்தில் டிரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு எந்தக் குவாரிக்காரனும் லாரிக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டான்.

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. 2020இல் நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே, கர்நாடகாவில் மாண்டியாவில், 14,100 டன் லித்தியம் என்று செய்தி வந்தது. ஓசூர்ப் பக்கம் அப்போதும் இதே குதிப்பு. அடுத்த வருடம் அணுசக்தித் துறையின் கனிம ஆய்வுப் பிரிவு கணக்குப் பார்த்ததில் 1,600 டன் என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. அந்த 1,600ஐ எந்தக் குழுவிலும் யாரும் அனுப்பி நான் பார்க்கவில்லை. ரியாசி செய்தி வந்த மூன்றாம் மாதம், மே 2023இல், ராஜஸ்தானின் தேகானாவில் காஷ்மீரை விடப் பெரிய லித்தியம் புதையல் என்று ஒரு செய்தி. தேகானா பழைய டங்ஸ்டன் சுரங்கம் இருந்த ஊர், அதனால் கேட்டதும் நம்பும்படி இருந்தது. ஆனால் இந்தியப் புவியியல் ஆய்வு மையமே அது ஆதாரமற்ற செய்தி, நாங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று மறுத்தது. முதல் செய்தி இரண்டு நாள் ஓடியது. மறுப்பு என் போனில் மட்டும் இருக்கிறது.

அப்புறம் ஏலம். 2023 ஆகஸ்டில் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை அணுக் கனிமம் என்ற பட்டியலில் இருந்த லித்தியத்தைத் தனியாரும் எடுக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். நவம்பர் 29ஆம் தேதி முக்கியக் கனிமங்களின் முதல் ஏலம், மொத்தம் 20 இடங்கள், அதில் ரியாசியும் ஒன்று. பெரிய முதலாளிக்குப் போகப்போகிறது என்று சண்டை போட்டார்களே, அந்த முதலாளியோ வேறு எந்த முதலாளியோ முட்டி மோதிக்கொண்டு வரவில்லை. தகுதியுள்ள மூன்று பேராவது கேட்டால்தான் ஏலம் செல்லும் என்பது விதி, அந்த மூன்று பேர் தேறாமல் 2024 மார்ச்சில் ரியாசி ஏலம் ரத்து. மறுபடியும் விட்டார்கள், மறுபடியும் விலைபோகவில்லை. அதே பட்டியலில் இருந்த லித்தியம் இடங்களில் சத்தீஸ்கரின் கட்கோரா மட்டும் விற்றது.

வராததற்குக் காரணம் தேடப் பெரிய மூளை வேண்டாம். ஜி3 ஆய்வு, களிமண், மலைப்பகுதி, அதோடு விலை. 2022 நவம்பரில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் ஒரு டன் கிட்டத்தட்ட 6 லட்சம் யுவானுக்குப் போனது. செய்தி வந்து எல்லோரும் கைதட்டியது அந்த உச்சத்தின் சூடு ஆறுவதற்குள். ஏலம் முடிகிற 2024 தொடக்கத்தில் அதே டன் சுமார் 1 லட்சம் யுவான். தக்காளி விலையைப் பார்த்துத் தோட்டம் போட்டு அறுவடையில் ரோட்டில் கொட்டிய ராயக்கோட்டைக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை.

இனி எனக்கு நிஜமாகவே உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த 20 இடங்களின் பட்டியலை ரியாசிக்காகத்தான் திறந்தேன். பார்த்தால் நம்ம ஊர்! அரூர், ஊத்தங்கரை பக்கத்து மாலிப்டினம் இடங்கள் அதே பட்டியலில் இருக்கின்றன. வேலம்பட்டி, நொச்சிப்பட்டி, மருதிப்பட்டி. எஃகுக்கு உறுதி கூட்டச் சேர்க்கிற உலோகம் மாலிப்டினம், அரூர் ஊத்தங்கரை வட்டாரத்தில் அது இருப்பது புவியியல் ஆய்வு மையத்துக்குப் பல காலமாகத் தெரியும். காஷ்மீர்க் கல்லுக்காகக் குழுவை விட்டே ஒருத்தர் வெளியேறினாரே, அவர் மாமனார் ஊர் அரூர். அவருக்கு இது தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது. ஒரு கொடி இல்லை, ஒரு சண்டை இல்லை, செண்டு விலை ஏறும் என்று ஒரு விளம்பரம்கூட இல்லை.

வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் இங்கே சொல்ல வரவில்லை. தெரியாமல் இருக்கிறோமே என்பதுதான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற களிமண்ணில் எத்தனை டன் என்று மனப்பாடமாகச் சொல்கிற நமக்கு, பைக்கில் போய்வருகிற தூரத்தில் எந்தெந்த ஊரை வரைபடத்தில் கோடு போட்டு ஏலப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

மதுரை மேலூர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள். இதே முக்கியக் கனிம ஏலத்தின் பின்னொரு சுற்றில்தான் 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. உள்ளே அரிட்டாபட்டி, தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள், சட்டமன்றத்திலும் டிசம்பரில் தீர்மானம் வந்தது, ஜனவரி தொடக்கத்தில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் ஜனங்கள் நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. அவர்கள் கோபப்பட்டது சரியா தப்பா என்று இங்கே உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்தலாம், ஆனால் தங்கள் ஊர்ப் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கோபப்பட்டார்கள். செர்பியாவிலும் ஜாடர் பள்ளத்தாக்கில் 2004இல் கண்டுபிடித்த லித்தியத்தை ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் எடுக்கப் போனபோது ஊர்க்காரர்கள் சாலையை மறித்தார்கள், 2022 ஜனவரியில் அரசு அனுமதியைத் திரும்ப வாங்கியது, 2024இல் மறுபடி கொடுக்கப் போனபோது தலைநகர் பெல்கிரேடிலேயே பெருங்கூட்டம் கூடியது. விவசாயம், தண்ணீர், அவ்வளவுதான் அவர்கள் பேச்சும்.

தண்ணீர் என்றால் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டுமா? பாறையில் இருக்கிற ஃபுளோரைடு கிணற்றுத் தண்ணீரில் இறங்கி, பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்பாகி, வயசானவர்களுக்கு முட்டியும் முதுகும் வளையாமல் போய், கடைசியில் ஜப்பான் கடன் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அந்தப் பாறையை யாரும் தோண்டக்கூட இல்லை, அது பாட்டுக்கு இருந்ததற்கே இந்த நிலைமை. என் வயசுக்காரர்களில் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. சுரங்கம் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி வேலையைப் பற்றி இருக்காது. தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், எங்கே விடுவீர்கள், அதுதான்.

வேலையைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. வேப்பனப்பள்ளி தாண்டி எல்லையைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் கோலார் தங்கவயல். இங்கிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் போய் இறங்கிய தமிழர்களின் ஊர் அது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கினார்கள். தொடக்கத்தில் கொழுத்துக் கிடந்த தங்கம், கடைசிக் காலத்தில் டன் கல்லுக்குச் சில கிராம் என்று வந்து, எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டி, 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஊர் நடுவில் தங்கம் பிரித்த சயனைடு கழிவு மேடு இன்னும் நிற்கிறது, காற்றடித்தால் புழுதி வீட்டுக்குள் வருகிறது. கல்லுல எவ்வளவு என்ற சித்தப்பாவின் கேள்வியில் ஒரு ஊரின் கதியே தொங்குகிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி கிடையாது, அவருடைய தாய்மாமா ஒருத்தர் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

இதற்கிடையில் நம்ம ஊர் பேட்டரிகளுக்கு வேண்டிய லித்தியம் வெளியே இருந்துதான் வருகிறது. 2024 ஜனவரியில் அரசுத் துறை நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகிற காபில் என்ற நிறுவனம் அர்ஜென்டினாவின் கேட்டமார்க்கா மாகாணத்தில் ஐந்து இடங்களில் லித்தியம் தேட ஒப்பந்தம் போட்டது, 15,703 ஹெக்டேர், சுமார் 200 கோடி ரூபாய். இந்தச் செய்திக்கும் கொடி பறந்தது, முன்னைவிடக் கொஞ்சம் சின்னக் கொடி. அதே கேட்டமார்க்காவில் வேறு லித்தியம் திட்டங்களால் ஆற்றுத் தண்ணீர் போகிறது என்று பழங்குடித் தலைவர் ஒருவர் வழக்குப் போட, அதே 2024 மார்ச்சில் லாஸ் பாட்டோஸ் ஆற்றுப் பகுதியில் புது அனுமதி எதுவும் கொடுக்கக் கூடாது என்று மாகாண உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆக, பாறைக்கு மேலே குடியிருக்கிறவர்கள் எல்லா ஊரிலும் நம்மை மாதிரிதான் பேசுகிறார்கள்.

போன வாரம் இதையெல்லாம் சுருக்கி எங்கள் குழுவில் போட்டேன். ரியாசி 59 லட்சம் டன் தாது, உள்ளே எவ்வளவு என்ற கணக்கு, ஏலம் போகாத கதை, கீழே நம்ம அரூர் பக்கத்து மாலிப்டினம் இடங்களின் பெயர்கள், அமைச்சக ஏல ஆவணத்தின் படம். எங்க ஊர்ப் பெயரும் இதில் வருமாண்ணா என்று ஊத்தங்கரைக்காரப் பையன் ஒருவன் தனியாகக் கேட்டான், வரைபடத்தை அனுப்பிவைத்தேன். குழுவில் சில கட்டைவிரல்கள் வந்தன. காலை வணக்கம் படம் ஒன்று நடுவில் புகுந்தது. அந்த நிலத்தரகு அண்ணன் மட்டும் முழுசாகப் படித்திருக்கிறார் போல, "தம்பி, இந்த மருதிப்பட்டி சர்வே நம்பர் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார்.